அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் உயர்கல்வி வாக்குறுதிகளை எடைபோடுவது எப்படி: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி. அதன் விளைவை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தூத்தூரிலும் வீடுவீடாகக் காணலாம். மூத்த மகன் டெக்சாஸில் குடியுரிமை பெற்றிருப்பார். மருமகள் அங்கே செவிலியராக இருப்பார். தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே அதிபர் தேர்தல் வரும்போது, "இவர் வந்தால் கல்லூரி இலவசம்", "அவர் வந்தால் படித்து முடித்ததும் கிரீன் கார்டு" என்ற செய்திகள் நம் கைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பவர்களும் உண்டு, அவற்றுக்கு அஞ்சிப் பிள்ளையின் விண்ணப்பத்தையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே பெரிய முடிவுகள் என்பதால், வேட்பாளர் சொல்வதைப் படித்துப் பார்க்கும் முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன். எந்த வேட்பாளர் நல்லவர் என்பதை இவ்வழிகாட்டி சொல்லாது. அவர் சொன்னது உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தொடுமா, தொடுமானால் எப்போது, எந்த வழியாகத் தொடும் என்பதைக் கண்டறியவே இது உதவும்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி என்பது பெரும்பாலும் அரசுப் பணத்தில், உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் இரண்டாண்டுக் கல்லூரி. நம் கோணத்தில் இருக்கும் அரசு பாலிடெக்னிக்கையும், கலைக்கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளையும் ஒரே வளாகத்தில் சேர்த்து வைத்ததாக எண்ணிக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும். பாலிடெக்னிக் முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வதைப் போல, அங்கே இரண்டாண்டுப் பட்டம் பெற்றவர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச் செல்ல வழியுண்டு. அப்படி மாறாமல், செவிலியர் படிப்பையோ வெல்டிங், வாகனப் பழுதுநீக்கம் போன்ற தொழிற்படிப்பையோ முடித்து நேரே வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். இவ்வகையில் மிகப் பழைய அரசுக் கல்லூரி இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அறிக்கை தந்தபோது, பள்ளிக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள் கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் குடியிருப்பவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இது பல மடங்காகும்.

1947இல் சொன்ன அந்த இலவசக் கல்வி, நாடு முழுவதற்குமான சட்டமாக இன்றுவரை ஆகவில்லை. வேட்பாளர்களின் வாக்குறுதிகளைப் படிக்க உட்காரும் எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இதுதான்.

முதலில் பிள்ளையின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

வேட்பாளரின் உரையைக் கேட்கும் முன்பே, ஒரு தாளில் உங்கள் பிள்ளை அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் யார் என்பதை எழுதுங்கள். அங்கே பிறந்தவரோ குடியுரிமை பெற்றவரோ என்றால், கூட்டாட்சி அரசின் நிதியுதவிகள் பெரும்பாலானவற்றுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உடையவருக்கும் அந்த உரிமை உண்டு. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது. அவர் அங்கேயே மழலைப் பள்ளியிலிருந்து படித்திருந்தாலும் கிடையாது. 21 வயது ஆனதும் அந்தச் சார்பு விசாவும் முடிந்துவிடும். இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்குக் கூட்டாட்சி உதவித்தொகையும் இல்லை, கூட்டாட்சிக் கல்விக்கடனும் இல்லை.

இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டால், தேர்தல் காலத்தில் காதில் விழும் செய்திகளில் பெரும்பகுதியைச் சிரமமின்றி ஒதுக்கிவிடலாம். எடுத்துக்காட்டாக, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குக் கூட்டாட்சி அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் உதவித்தொகையைக் கூட்டுவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அது டெக்சாஸில் பிறந்த பேத்திக்கு நேரடியாகப் பயன்படும். நாகர்கோவிலிலிருந்து எஃப்-1இல் போகும் தங்கை மகனுக்கு அதனால் ஒரு டாலரும் வராது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே செய்தி இரண்டு விதமாகப் பொருந்துவதால், தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. எச்-4 பிள்ளைகளைப் பற்றி வேட்பாளர்கள் மிக அரிதாகவே பேசுகிறார்கள். நம் குடும்பங்களில் அந்நிலையில் பலர் இருப்பதால், அவர்கள் பேசாமல் விடுவதையும் ஒரு நிலைப்பாடாகவே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

யார் கையில் அதிகாரம் இருக்கிறது

வாக்குறுதி ஒவ்வொன்றையும் படிக்கும்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அதை நிறைவேற்ற அதிபரின் கையெழுத்து மட்டும் போதுமா என்பது. நம் நாட்டில் கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. டெல்லி ஒன்று சொன்னாலும் சென்னை வேறொன்று செய்யக்கூடும் என்பதை நாம் பழக்கத்தால் அறிவோம். அமெரிக்காவில் கல்வி அதைவிடவும் மாநிலங்களின் பொறுப்பு. சமுதாயக் கல்லூரியின் கட்டணத்தை முடிவு செய்வது மாநில அரசும் கல்லூரியின் உள்ளூர் நிர்வாகக் குழுவும். பல மாநிலங்களில் உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தும் அக்கல்லூரிகளுக்குப் பணம் போகிறது. இதில் அதிபர் நேரடியாகக் கைவைக்க இடமில்லை. கூட்டாட்சி அரசு செய்யக்கூடியது, 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் வழியே மாணவருக்கு உதவித்தொகையும் கடனும் கொடுப்பது, அந்தப் பணத்தோடு சேர்த்துக் கல்லூரிகளுக்கு நிபந்தனைகள் விதிப்பது. அந்தப் பணத்துக்கும் ஒப்புதல் தருவது நாடாளுமன்றமாகிய காங்கிரஸ்தான்.

இதைச் சட்டநூல் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடந்த சில தேர்தல்களின் கதையைப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிது. அதிபர் ஒபாமா 2015 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லுக்கே சென்று, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிப் படிப்பை இலவசமாக்கும் திட்டத்தை அறிவித்தார். செலவில் முக்கால் பங்கைக் கூட்டாட்சி அரசும் கால் பங்கை மாநிலங்களும் ஏற்கும் என்றார். அப்போது காங்கிரஸின் இரு அவைகளும் எதிர்க்கட்சியின் கையில் இருந்தன, திட்டம் சட்டமாகவில்லை. ஜோ பைடன் 2020இல் அதே வாக்குறுதியைத் தந்தார். அவருடைய மனைவி ஜில் பைடன் வடக்கு வர்ஜீனியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் அப்போது ஆசிரியராக இருந்ததால், அந்த வாக்குறுதியில் மன உறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில் அதற்காக 109 பில்லியன் டாலர் கேட்டார். அவருடைய கட்சியே இரு அவைகளிலும் பெரும்பான்மையாக இருந்தது. ஆனால் மேலவையான செனட்டில் 50க்கு 50 என்ற நிலையில், சொந்தக் கட்சியின் ஓர் உறுப்பினர் மறுத்தாலும் போதும் என்றாகிவிட்டதால், அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்தப் பகுதி மசோதாவிலிருந்து விழுந்துவிட்டது.

ஆகவே, "கட்டணமில்லாக் கல்லூரி" என்று வேட்பாளர் சொல்லும்போது அவருடைய நேர்மையை மட்டும் எடைபோட்டுப் பயனில்லை. அவருடைய கட்சிக்குப் பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் எத்தனை இடம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 100இல் 60 பேரின் ஆதரவு தேவை. வரவு செலவு சார்ந்த சிறப்பு நடைமுறை ஒன்றின் வழியே மட்டும் தனிப்பெரும்பான்மையால் நிறைவேற்றலாம்.

காங்கிரஸைக் கேட்காமல் அதிபரே செய்துவிட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2022 ஆகஸ்டில் பைடன் அரசு, குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ் உள்ளோருக்கு 10,000 டாலர் வரையிலும், பெல் உதவித்தொகை பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரையிலும் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய தள்ளுபடிக்குக் காங்கிரஸ் அதிகாரம் தரவில்லை என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்து அதை ரத்து செய்தது. தள்ளுபடி வரும் என்று கணக்குப்போட்டு வீட்டுச் செலவைத் திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய அடி என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்திலும் இதே நிலைதான். கல்வித்துறையையே மூடிவிடுவேன் என்பது 1980இல் அதிபர் வேட்பாளராக இருந்த ரேகன் சொன்னது; அத்துறை தொடங்கிய ஆண்டே அதுதான். 2024இல் குடியரசுக் கட்சி அதையே தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது. 2025 மார்ச் 20 அன்று அதிபர் ட்ரம்ப் அதற்கான நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் அந்தத் துறை காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் பிறந்தது என்பதால், அதை முற்றிலும் நீக்கக் காங்கிரஸ்தான் வேண்டும். அதிபர் செய்யக்கூடியது ஆட்களைக் குறைப்பதும் பணிகளை வேறு துறைகளுக்கு மாற்றுவதும். "துறையை மூடுகிறார்களாம், பேத்தியின் உதவித்தொகை போய்விடுமா" என்று கேட்கும் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய விடை, உதவித்தொகை உயர்கல்விச் சட்டத்தில் இருக்கிறது, துறையின் பெயர்ப் பலகையில் இல்லை என்பதே. துறையில் ஆள் குறைந்தால் விண்ணப்பங்கள் தாமதமாகலாம் என்ற அச்சத்தில் மட்டும் நியாயம் உண்டு.

"இலவசம்" என்ற சொல்லுக்குள் இருப்பது

இலவசம் என்று சொல்லும் திட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. டென்னசி மாநிலம் 2014இல் சட்டம் இயற்றி 2015இல் தொடங்கிய திட்டத்தில், மாணவருக்குக் கிடைக்கும் பெல் உதவித்தொகை முதலானவற்றையெல்லாம் முதலில் கழித்துவிட்டு, கட்டணத்தில் மிச்சம் இருந்தால் அதை மட்டும் மாநிலம் கொடுக்கும். பணம் அம்மாநில லாட்டரி நிதியிலிருந்து வருகிறது. இதைக் கொண்டுவந்த ஆளுநர் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர், நம் முதலமைச்சரைப் போன்றவர்) குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்; இலவசக் கல்லூரி என்பது ஒரு கட்சியின் சொத்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏழை மாணவர் ஒருவருக்குப் பெல் உதவித்தொகையே 7,395 டாலர் வரை கிடைக்கிறது. சராசரிக் கட்டணமோ 4,000 டாலர். அப்படியானால் இந்த வகைத் திட்டத்தால் அவருக்குப் புதிதாக வருவது மிகக் குறைவு. பயன் பெரும்பாலும் பெல் கிடைக்காத நடுத்தரக் குடும்பத்துக்குப் போகிறது. மற்றொரு வகையில், அரசு முதலிலேயே கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும். உதவித்தொகை முழுவதும் மாணவரிடமே இருக்கும். அதை வாடகைக்கும் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் செலவிடலாம். ஒபாமாவும் பைடனும் முன்வைத்தவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் சேர்கிறது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம். கல்லூரிக்குப் போவதைத் தடுப்பது கட்டணம் மட்டுமன்று, போக்குவரத்தும் உணவும் இன்ன பிற செலவுகளும்தான் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. அமெரிக்க வேட்பாளரின் திட்டத்திலும் இதே இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள்: கட்டணத்துக்கு மட்டும் பணமா, வாழ்க்கைச் செலவுக்கும் உண்டா, முதலிலேயே தருகிறார்களா, எல்லாம் போக மிச்சத்துக்குத் தருகிறார்களா. சமுதாயக் கல்லூரி மாணவருக்கு வாடகையும் சாப்பாடும் கட்டணத்தைவிடப் பெரிய சுமை என்பதால், இந்த ஒரு கேள்வியைக் கேட்காத ஒப்பீடு எதுவும் முழுமையாகாது.

வருமான வரம்பையும் பாருங்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸ், அரசுக் கல்லூரிகள் அனைத்தும் எல்லோருக்கும் கட்டணமின்றி வேண்டும் என்றார். அவரோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன் ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு என்று வரம்பு வைத்தார். நம்மவர்களில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடக்கூடும்.

இன்னொரு போக்கையும் தனியாகக் கவனிக்க வேண்டும். 2018இல் ட்ரம்ப், சமுதாயக் கல்லூரி என்ற பெயரே தெளிவாக இல்லை, தொழிற்பள்ளி என்றே அழைக்கலாம் என்ற பொருளில் பேசினார். 2024இல் கமலா ஹாரிஸ், பட்டம் தேவைப்படாத கூட்டாட்சி வேலைகளுக்குப் பட்டம் கேட்பதை நீக்குவேன் என்றார். எதிரெதிர் முகாம்களில் இருந்தாலும், நான்காண்டுப் பட்டம் மட்டுமே வழி என்பதை இருவருமே கைவிட்டிருக்கிறார்கள். அந்தப் போக்கு 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரி, செலவுச் சட்டத்திலும் இடம்பெற்றது: 8 முதல் 15 வாரம் வரையிலான குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் உதவித்தொகை தரலாம், 2026 ஜூலை 1 முதல் என்று அது சொல்கிறது. எந்தப் பயிற்சிகளுக்கு என்பதை முடிவு செய்வதில் மாநில ஆளுநருக்கும் பங்கு உண்டு. வேட்பாளர்களின் மேடைப் பேச்சில் பெரிதாக ஒலித்தவை பல விழுந்துபோக, இரு கட்சியினரும் முன்பே ஏற்றிருந்த சிறிய யோசனை சட்டமாகிவிட்டது. எது நிறைவேறும் என்று கணிக்க விரும்புகிறவர், இரு தரப்பிலும் ஒரே சமயத்தில் ஆதரவாளர்கள் இருக்கும் யோசனையைத் தேடுவது நல்ல வழி.

அதே வேட்பாளரின் மற்றொரு வாக்குறுதியை இதோடு ஒப்பிடுங்கள். 2023 நவம்பரில் ட்ரம்ப், பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளை நிதிக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் கட்டணமில்லாத இணையவழிக் கல்வி நிறுவனம் ஒன்றை அமைப்பேன் என்றார். 2025ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் வரி உயர்வு வந்தது. கல்வி நிறுவனம் அதில் வரவில்லை. ஒரு வாக்குறுதியில் இரண்டு பாகங்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கிருந்து போகும் மாணவருக்கு: விசாவைப் பற்றிய சொற்கள்

எஃப்-1இல் போக விரும்பும் மாணவருக்கு, சமுதாயக் கல்லூரியைப் பற்றி வேட்பாளர் சொல்வதைவிட, குடியேற்றத்தைப் பற்றி அவர் சொல்வதுதான் உயர்கல்விக் கொள்கை. இங்கேதான் அதிபரின் கை மிக நீளமானது. காங்கிரஸைக் கேட்காமலே அவர் பலவற்றைச் செய்ய முடியும். 2025 மே இறுதியில், புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதை அமெரிக்கத் தூதரகங்கள் சில வாரங்கள் நிறுத்தி வைத்தன. பிறகு தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. இதற்கெல்லாம் மசோதாவும் வேண்டியிருக்கவில்லை, வாக்கெடுப்பும் வேண்டியிருக்கவில்லை.

படிப்புக்குப் பின் வேலைப் பயிற்சி பெறும் அனுமதியும் இப்படியே. இரண்டாண்டுப் பட்டம் முடித்தவருக்கு அதிகபட்சம் 12 மாதம் பயிற்சி அனுமதி கிடைக்கும். நான்காண்டுப் பட்டம் முடித்த பின் மேலும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் இளநிலையோ அதற்கு மேலோ பட்டம் பெற்றவருக்கு அதற்குப் பிறகும் 24 மாத நீட்டிப்பு உண்டு. சமுதாயக் கல்லூரியின் இரண்டாண்டுப் பட்டத்துக்கு மட்டும் அந்த நீட்டிப்பு கிடையாது. இந்த ஏற்பாடு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் விதிமுறையில் இருக்கிறது. காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் எழுதப்படவில்லை. விதிமுறை என்பதால் அடுத்த அரசு வேறு விதிமுறை கொண்டுவந்து இதை மாற்ற முடியும். ஆகவே இதைப் பற்றி வேட்பாளர் ஒரு வரி சொன்னாலும் அதற்கு எடை அதிகம்.

விதிமுறையை மாற்றுவதற்கும் ஒரு நடைமுறை உண்டு: முதலில் வரைவு வெளியாகும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், பிறகு இறுதி விதி வரும். 2025 ஆகஸ்டில், மாணவர் படிக்கும் காலம் முழுவதும் தங்கலாம் என்ற பழைய முறைக்குப் பதிலாக அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று நாள் குறித்துவிடும் வரைவு ஒன்று வெளியானது. இரண்டு ஆண்டு சமுதாயக் கல்லூரி, இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம் என்று திட்டமிடுகிறவர் இத்தகைய வரைவைக் கூர்ந்து படிக்க வேண்டும். கல்லூரி மாறும்போது ஒரு பருவம் தாமதமானால்கூட நான்கு ஆண்டுக் கணக்கு தவறிவிடும். வரைவு வந்துவிட்டது என்பதால் சட்டமாகிவிட்டது என்று முடிவுசெய்யவும் கூடாது, வரைவுதானே என்று புறக்கணிக்கவும் கூடாது. சேர விரும்பும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அன்றைய நிலை என்ன என்று கேட்டு, எழுத்தில் விடை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு வாக்குறுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் வீடுகளில் மிகுந்த நம்பிக்கையை விதைத்தது. 2024 ஜூனில் ட்ரம்ப் ஒரு நேர்காணலில், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவருக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தானாகக் கிடைக்க வேண்டும், இரண்டாண்டுக் கல்லூரிகளும் அதில் அடங்கும் என்றார். சில மணி நேரத்திலேயே அவருடைய பிரசாரக் குழு, கடுமையாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்படும் மிகத் திறமையானவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் தந்தது. கிரீன் கார்டுகளின் எண்ணிக்கையும் நாட்டுவாரி வரம்பும் காங்கிரஸின் சட்டத்தில் இருப்பதால், தானாகக் கிடைக்கும்படி செய்ய அதிபரால் தனியே முடியாது என்பதை அன்றே சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, 2025 செப்டம்பர் 19 அன்று வந்தது புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற பிரகடனம். அமெரிக்காவுக்குள் மாணவராக இருந்துகொண்டு விசா நிலையை மாற்றக் கோருவோருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அடுத்த மாதம் வந்தது. முதல் நாள் தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் அந்த விளக்கத்தை அறியாமலே போனார்கள். செய்தி வந்த அன்றும், அதற்கு ஒரு மாதம் கழித்தும் என இரண்டு முறை படிக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

செவிலியர் படிப்பைப் பற்றியும் ஒரு சொல். அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுச் செவிலியர் பட்டம் பெற்று உரிமத் தேர்வு எழுதலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் படிப்பில் இடம் குறைவு. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு. தொழிற்கல்விக்கு நிதி கூட்டுவேன் என்று வேட்பாளர் சொல்வதைக் கேட்டு, நம் பெண்ணுக்கு இடம் கூடும் என்று கணக்கிட்டுவிடக் கூடாது.

எங்கே படிப்பது, எப்படிக் குறித்துக்கொள்வது

வேட்பாளரின் சொந்தச் சொற்களைப் படியுங்கள். அவற்றைப் பற்றிய காணொலிகளைப் பிறகு பாருங்கள். கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளைப் பழையன உட்பட முழுமையாகத் தொகுத்து வைத்திருப்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் நடக்கும் அதிபர் ஆவணத் திட்டம். அதன் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மசோதா ஒன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காங்கிரஸின் அதிகாரபூர்வ இணையதளம் நாள்வாரியாகக் காட்டும். வரைவு விதிகள் ஃபெடரல் ரிஜிஸ்டர் எனும் அரசிதழில் வெளியாகின்றன. ஆங்கிலம் கடினமாக இருந்தால், அருகிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படிக்கலாம்; ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் ஹோலி கிராஸ் கல்லூரியும் இருக்கும் மாவட்டத்தில் அதற்கு ஆளில்லாமல் போகாது.

வேட்பாளர் முன்பு பதவியில் இருந்தவர் என்றால், அவர் சொன்னதைவிட அவர் கேட்ட பட்ஜெட்டைப் பாருங்கள். அதிபர் ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அனுப்பும் நிதிக் கோரிக்கை வேண்டுகோள் மட்டுமே என்றாலும், மனத்தில் எதற்கு முதலிடம் என்பதை அது காட்டிவிடும். 2026 நிதியாண்டுக்கான கோரிக்கையில், பெல் உதவித்தொகையின் உச்ச அளவை 7,395 டாலரிலிருந்து 5,710 டாலராகக் குறைக்கும்படி ட்ரம்ப் அரசு கேட்டது. ஆளுநராகவோ செனட்டராகவோ இருந்தவர் வேட்பாளராக நின்றால், அவருடைய மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் அவர் காலத்தில் ஏறியதா இறங்கியதா, அவர் எந்த மசோதாவுக்கு வாக்களித்தார் என்று தேடுங்கள்.

பிறகு தாளில், வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விடைகளை எழுதுங்கள்: நிறைவேற்றக் காங்கிரஸ் வேண்டுமா, மாநிலம் வேண்டுமா, அதிபரே போதுமா; பணம் எங்கிருந்து வரும் என்று அவர் சொல்லியிருக்கிறாரா; நம் பிள்ளையின் குடியேற்ற நிலைக்கு அது பொருந்துமா; நாளையே நடைமுறைக்கு வந்தாலும் பிள்ளை படித்து முடிக்கும் முன் பயன் தருமா. நான்காவது விடைதான் பலமுறை முடிவைத் தருகிறது. பதவியேற்பு ஜனவரி 20 அன்று. சட்டம் இயற்ற ஓர் ஆண்டு, நடைமுறைக்கு வர மேலும் ஓர் ஆண்டு என்று வைத்தால், தேர்தல் நடக்கும் ஆண்டில் கல்லூரியில் சேர்கிறவரின் இரண்டாண்டுப் படிப்பு அதற்குள் முடிந்துவிடும். அந்தப் பிள்ளையின் கட்டணத்தைக் கணக்கிடும்போது இன்று நடைமுறையில் உள்ள தொகையையே போடுங்கள். தென்னந்தோப்பையோ ரப்பர் தோட்டத்தையோ ஈடாக வைக்கும் அளவை அந்தத் தொகையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரம் வீண் போகாது. அங்கேயே குடியிருக்கும் குடியுரிமைப் பிள்ளைக்கு, கலிஃபோர்னியாவில் ஒரு பாட அலகுக்கு 46 டாலர்தான் கட்டணம். முதன்முறையாக முழுநேரம் படிப்பவருக்கு முதல் இரண்டு ஆண்டு அதையும் தள்ளுபடி செய்யக் கல்லூரிகளுக்கு வழியுண்டு. மாசச்சூசெட்ஸ் 2024இல் எல்லா வயதினருக்கும் சமுதாயக் கல்லூரியைக் கட்டணமில்லாததாக்கியது. இவை எல்லாம் மாநிலச் சட்டமன்றங்களின் வேலை. வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் நடந்தவை.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7 அன்று. வாக்குரிமை உள்ள உங்கள் மகனோ மருமகளோ அன்று கையில் வாங்கும் வாக்குச்சீட்டில் அதிபரின் பெயர் மேலே இருக்கும்; அதற்குக் கீழே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களின் பெயர்கள் வரும்; கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இன்னும் கீழே உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியின் நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிக்கு நிற்பவர்களின் பெயர்களும், கல்லூரிக் கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் கேட்கும் கேள்வியும் இருக்கக்கூடும். பலர் அந்த இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன்பே மாவட்டத் தேர்தல் அலுவலகம் அனுப்பும் மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வரிகளில் நிற்பவர்கள் கட்டணத்தையும் செவிலியர் படிப்பின் இடங்களையும் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையையும் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று படித்துப் பார்க்கும்படி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது அவர்களிடம் சொல்லுங்கள்.